விதியும் விதியும்: இயற்பியல் ஆளும் உலகில் நம் முடிவு நம்முடையதா?

பதினோராம் வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். "டீச்சர், என் மூளையும் அணுக்களால் ஆனதுதானே? அணுக்கள் இந்த விதிப்படிதான் நகரும் என்றால், நாளைக்கு நான் என்ன செய்வேன் என்பது இப்போதே முடிவாகிவிட்டதா?" என்று கேட்டாள். ஒரு நொடி தயங்கிவிட்டு இன்னொன்றும் கேட்டாள்: "எங்கள் பாட்டி சொல்கிற விதியும் இதுவும் ஒன்றா?"

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள். கூடலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் அம்மா முப்பது ஆண்டுகள் மலையேறிப் போய்க் கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவள். வீட்டில் அவள் வாயால் கேட்ட விதியும், பள்ளியில் நான் எழுதிப்போடும் விதியும் எழுத்தில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதால் நமக்குக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். அந்த மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியைத் தீர்த்துவிட்டால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரில் விடியற்காலை நாலரை மணிக்கு ஜீப்புகள் தெருமுனைகளில் வந்து நிற்கும். தூக்குவாளியும் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கொள்ளும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய வண்டியைப் பார்த்து யாராவது தயங்கினால், உள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "கவிழ வேண்டும் என்று விதி இருந்தால் எதில் போனாலும் கவிழும். ஏறு தாயி." சின்ன வயதில் அம்மாவை வழியனுப்ப நிற்கும்போது இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இதே ஜீப்பை என் கரும்பலகைக்குக் கொண்டுவருகிறேன். மலைப்பாதை வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் மையநோக்கு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டும். கூரைமேல் மூட்டைகளையும் படியில் ஆட்களையும் ஏற்றினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும். உயர்ந்தால் எளிதில் கவிழும். பத்துப் பேரோடு மெதுவாகப் போகும் வண்டி கவிழாத அதே வளைவில், இருபது பேரோடு வேகமாகப் போகும் வண்டி கவிழலாம். இயற்பியல் விதி எப்போதும் இந்த வடிவத்தில்தான் பேசும்: இப்படி இருந்தால் இப்படி ஆகும். ஜீப்புக்குள்ளிருந்து வந்த குரல் பேசிய விதி அதற்கு நேர் எதிரானது: எப்படி இருந்தாலும் இப்படித்தான் ஆகும். முதலாவதில் நீங்கள் செய்வதைப் பொறுத்து முடிவு மாறும். இரண்டாவதில் நீங்கள் எதைச் செய்தாலும் முடிவு மாறாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பது வெறும் சொற்குழப்பமாக நிற்பதில்லை; ஆட்களை அந்த ஜீப்பில் ஏற்றிவிடுகிறது.

எது நடந்தாலும் முடிவு மாறாது என்ற கொள்கைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. புத்தர் காலத்தில் வாழ்ந்த மற்கலி கோசாலர், உருட்டிவிட்ட நூல்கண்டு நூல் தீரும்வரை ஓடித்தான் நிற்கும், உயிர்களின் பயணமும் அப்படியே, முயற்சியால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று கற்பித்தார். அவர் வழிவந்த ஆசீவகர்கள் தமிழகத்திலும் இருந்தார்கள். ஆழமான கொள்கைதான். ஆனால் இயற்பியல் சொல்வது அதுவன்று.

சரி, இயற்பியல் என்னதான் சொல்கிறது? 1687-ல் நியூட்டன் இயக்க விதிகளை வெளியிட்ட பிறகு, ஒரு பொருள் இப்போது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, அதன்மேல் என்ன விசைகள் செயல்படுகின்றன என்று தெரிந்தால் அடுத்து அது எங்கே இருக்கும் என்று கணக்கிட முடிந்தது. கிரகணங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிமிடக் கணக்கில் குறித்துவைக்க முடிந்தது. 1814-ல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார். உலகத்தின் ஒவ்வொரு துகளின் இருப்பிடத்தையும் எல்லா விசைகளையும் ஒரே கணத்தில் அறிந்து, அவற்றைக் கணக்கிடவும் வல்ல ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்தகாலமும் ஒன்றுபோலக் கண்முன் தெரியும் என்றார். இந்தப் பார்வைக்கு நியதிவாதம் என்று பெயர். ஒவ்வொரு நிகழ்வும் அதற்கு முந்தைய நிலையாலும் இயற்கை விதிகளாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். நீங்கள் இந்த வரியைப் படித்துக்கொண்டிருப்பதும் அதில் அடக்கம்.

இந்த இடத்தில் பலர் குவாண்டம் இயற்பியலைத் துணைக்கு அழைப்பார்கள். அணுக்களின் உலகில் லாப்லாஸ் கேட்ட உறுதி இல்லை என்பது உண்மை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துக்கு அருகே சவறாவிலும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உண்டு. தோரியம்-232 அணுக்களில் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் உள்ளங்கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட அணு இந்த நொடியில் சிதையுமா, இன்னும் நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அணுவுக்குள் ஏதோ ஒரு காரணம் மறைந்திருக்கிறது, அது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணியவர்களுக்கு, 1964-ல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டிய கணக்கும் அதைத் தொடர்ந்த சோதனைகளும் பெரும் தடையாக வந்தன. அந்தச் சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இவற்றையும் மீறி நியதிவாதத்தைக் காப்பாற்றும் விளக்கங்கள் சில உண்டு, விவாதம் முடியவில்லை.

அதனால் நமக்கு விடுதலை கிடைத்துவிட்டதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மூளையில் ஓர் அணு காரணமே இல்லாமல் குதித்து, அதனால் என் கை உயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது என் முடிவா? வலிப்பு வந்தவரின் கை துடிப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? காரணமின்றி நடப்பது யாருடைய செயலும் ஆகாது. நாணயத்தைச் சுண்டிவிட்டு வாழ்கிறவரைச் சுதந்திரமானவர் என்று நாம் சொல்வதில்லை. முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதும் இப்படித்தான். 1961-ல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லாரன்ஸ் தன் கணினியில் 0.506127 என்று இருக்க வேண்டிய எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டபோது, சற்று நேரத்தில் முற்றிலும் வேறொரு வானிலை வந்து நின்றது. மேகத்தைக் கணிக்க முடியவில்லை என்பதால் மேகத்துக்குச் சுயவிருப்பம் இருக்கிறது என்று ஆகாது. ஆகவே சுதந்திரத்தைக் காரணங்களின் ஓட்டையில் தேடுவதை விட்டுவிட்டு, காரணங்களுக்கு உள்ளேயே தேட வேண்டும்.

இதை விளக்க என் மாணவர்களை மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப்புக்கு நடத்திக்கொண்டு போவேன். மலைமேலிருந்து இராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதை அங்கே பார்க்கலாம். அதில் வரும் தண்ணீர் பெரியாற்றுத் தண்ணீர். பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் சேரும் ஆறு. மலையின் சரிவு அப்படி. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போகும். அதே மலைத்தொடரின் கிழக்கே வைகைப் படுகை காய்ந்து கிடந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் அந்த வறட்சி உச்சத்தைத் தொட்டது. மேற்கே போகும் நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே ராமநாதபுரச் சீமையில் எழுந்து, முடியாது என்று கைவிடப்பட்டிருந்தது. பின்னர் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் திட்டம் வகுத்தார். 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் ஆனது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டுபோன பிறகும் வேலை தொடர்ந்து, 1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். தண்ணீர் கிழக்கே வந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. சனவரி 15-ஆம் தேதி பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்கு இங்கே பொங்கல் வைக்கிறார்கள்.

அந்தக் குழாய்களின் கீழே நின்று நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றே: இதில் எந்த இயற்பியல் விதி உடைந்தது? ஒன்றும் உடையவில்லை. தண்ணீர் இன்றும் மேலிருந்து கீழேதான் வருகிறது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் கல்லும் தங்கள் விதிப்படியே நீரின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. மாறியது ஒன்றுதான். மலையும் மழையும் மட்டும் காரணமாக இருந்த இடத்தில் பஞ்சத்தைக் கண்ட மனிதர்களின் யோசனையும் ஒரு காரணமாக உள்ளே வந்தது. அந்த யோசனையும் மூளைகளில் விதிப்படி நடந்ததுதான். அதனால் அது பொய்யாகிவிடவில்லை. அந்த யோசனையை எடுத்துவிட்டால் தண்ணீர் அரபிக் கடலுக்குப் போய்விடும். "என் முடிவுக்குக் காரணம் உண்டு" என்பதைக் கேட்டதும் "அப்படியானால் நான் முடிவே எடுக்கவில்லை" என்று தாவிவிடுகிறோம். நம் முடிவு என்பது அந்தக் காரணச் சங்கிலியின் ஒரு கண்ணி. சங்கிலி நம்மைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நமக்குள்ளே புகுந்துதான் போகிறது.

மெய்யியலில் இந்த நிலைப்பாட்டை இணக்கவாதம் என்று சொல்லலாம். நியதியும் சுதந்திரமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பது அதன் வாதம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இதைத் தெளிவாகச் சொன்னார். காரணத்துக்கு எதிர்ச்சொல் சுதந்திரம் அன்று. சுதந்திரத்துக்கு எதிர்ச்சொல் கட்டாயம். நான் விரும்பியபடி செய்ய முடிந்தால் சுதந்திரமாகச் செய்தேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் இல்லை. இதில் ஒரு குறை உண்டு. குடிக்கு அடிமையானவரும் விரும்பித்தான் குடிக்கிறார். மனைவி பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, இந்த ஆசையே எனக்கு வேண்டாம் என்று அவர் அழுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆசை அவருடையதுதான், ஆனால் அவர் அதன் பக்கம் இல்லை. 1971-ல் ஹாரி பிராங்க்பர்ட் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஆசைகள் விலங்குகளுக்கும் உண்டு. தன் ஆசைகளைப் பார்த்து "இது இருக்கட்டும், இது போகட்டும்" என்று சொல்லும் இன்னொரு அடுக்கு மனிதர்களுக்கு உண்டு. அந்த மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒத்துப்போகும்போது நாம் சுதந்திரமாகச் செயல்படுகிறோம். எனக்கு இந்த விளக்கம் ஹியூம் சொன்னதைவிட நெருக்கமாக இருக்கிறது.

சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சுதந்திரமான சம்மதம் எது என்று சொல்லும்போது, காரணமே இல்லாத சம்மதத்தைக் கேட்பதில்லை. மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை ஆகியவற்றால் விளையாத சம்மதம் என்றுதான் சொல்கிறது. மனநலம் குன்றி, செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்று நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்பதில்லை. எந்த வகைக் காரணம் என்றுதான் கேட்கிறது.

"மூளை முன்பே முடிவெடுத்துவிடுகிறது, நாம் பிறகுதான் அறிகிறோம் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று இணையத்தில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அதன் மூலம் 1983-ல் அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வு. தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள், அசைக்கத் தோன்றிய கணத்தில் இந்தக் கடிகாரத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டார். கை அசைவதற்கு ஏறத்தாழ 0.55 விநாடிக்கு முன்பே மூளையில் மின் மாற்றம் தொடங்கியது. விருப்பம் தோன்றியதாக ஆட்கள் சொன்னதோ 0.2 விநாடிக்கு முன்புதான். இடைப்பட்ட அந்த 0.35 விநாடிக்காக நாற்பது ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். அந்த மின் மாற்றம் முடிவே அன்று, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் அலைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடுவதுதான் அப்படித் தெரிகிறது என்று 2012-ல் ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள்.

எனக்கு இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வரும். ஏலச்செடியில் காய்கள் தண்டின் உச்சியில் இருப்பதில்லை. அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில் இருக்கும். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும், பூவும் இருக்கும். முற்றிய காயை மட்டும் பூ உதிராமல் எடுக்க வேண்டும். விடுமுறையில் ஒருமுறை உடன் போனபோது, "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன். "விரலுக்குத் தெரியும்" என்றாள். பேசிக்கொண்டே எடுத்தாள்; ஒவ்வொரு காயையும் நினைத்து முடிவு செய்யவில்லை. லிபெட் அளந்தது இந்த வகை முடிவைத்தான். இப்போது அசைத்தால் என்ன, ஒரு விநாடி கழித்து அசைத்தால் என்ன என்ற, காரணம் தேவைப்படாத அசைவு.

அதே அம்மா இன்னொரு வகை முடிவையும் எடுத்திருக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு முடித்த ஆண்டு வீட்டில் கடன் கழுத்துவரை இருந்தது. பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா, அரைக்கூலி போடுகிறேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். மூன்று வாரம் அம்மா இரவில் தூங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பாயில் படுத்தபடி பார்த்திருக்கிறேன். விரல்விட்டு எண்ணுவாள்: கூலி, வட்டி, அரிசி, விடுதிக் கட்டணம். நான்காம் வாரம் என்னை உத்தமபாளையத்தில் விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்த்தாள். அப்பா கேட்டதற்கு, "அவளுக்குப் படிப்பு என்று விதி இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். மூன்று வாரக் கணக்கை எந்தக் கடிகாரப் புள்ளியும் அளக்காது. சுதந்திர விருப்பம் எங்காவது இருக்கிறது என்றால் அந்தச் சுவரோரத்தில் இருந்தது என்பேன்.

வகுப்பில் இதைச் சொன்னபோது அதே மாணவி விடவில்லை. "ஆனால் டீச்சர், உங்கள் அம்மா அப்படி யோசிக்கிறவராக இருந்ததை அவரா தேர்ந்தெடுத்தார்?"

இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி. பீட்டர் வான் இன்வாகன் என்ற மெய்யியலாளர் இதைக் கறாரான வாதமாக வடித்தார். நான் பிறப்பதற்கு முந்தைய உலகம் என் கையில் இல்லை. இயற்கை விதிகள் என் கையில் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்து என் செயலைத் தீர்மானிக்கின்றன என்றால், என் செயல் மட்டும் எப்படி என் கையில் இருக்கும்? இணக்கவாதிகள் பதில்கள் வைத்திருக்கிறார்கள். "வேறு மாதிரி செய்திருக்க முடியும்" என்பதற்கு, வேறு காரணம் தென்பட்டிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று பொருள் கொண்டால் போதும் என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அது பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. முழுக்கப் போதுமானதாக இல்லை. அவளிடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். என் அம்மாவின் பிடிவாதம் அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது, மலையிலிருந்து வந்தது, அவள் படிக்க முடியாமல் போனதிலிருந்து வந்தது. தன்னைத் தானே முதலிலிருந்து படைத்துக்கொண்டவர் யாரும் இல்லை.

அதை ஒப்புக்கொண்டால் சில விஷயங்கள் மாறத்தான் வேண்டும். தவறு செய்தவர் துன்பப்பட்டே ஆக வேண்டும் என்ற பழிவாங்கும் வெறிக்கு அடியில் நிலம் இல்லாமல் போகிறது. தடுப்பதற்கும் திருத்துவதற்கும் தண்டனை இருக்கலாம். துன்பத்தைக் கண்டு மகிழ்வதற்கு நியாயம் இல்லை. குடிகாரரைப் பார்த்து "அவன் நினைத்தால் நிறுத்த முடியாதா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன், அவர் நினைப்பதற்கு எது உதவும் என்று கேட்கிறேன். ஆனால் யோசிப்பது, எண்ணிப் பார்ப்பது, மனம் மாறுவது, வாக்குக் கொடுப்பது ஆகியவற்றில் எதுவும் போய்விடவில்லை. இயற்பியல் விதிகள் இவற்றின் வழியாகத்தான் நம் செயல்களை ஆக்குகின்றன. யோசிக்காமல் ஜீப்பில் ஏறுகிறவருக்கும் இறங்கி நின்று அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவருக்கும் விதிகள் ஒன்றே. போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மலைக்குப் போவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று அவளிடம் கேட்டேன்: "மூன்று வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாயே, அப்புறம் ஏன் அப்பாவிடம் விதி என்றாய்?"

முறத்தில் இருந்த உளுந்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நான் யோசித்து முடிவு செய்தேன் என்றால் உன் அப்பா சண்டைக்கு வந்திருப்பார், தாயி. விதி என்றேன். பேசாமல் இருந்துவிட்டார்."